கடைசி அலமாரிக் கதவு

வலது கையில் பெண்கள் போடும் நைலான் காலுறையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, அலமாரிக் கதவை மேலிருந்து கீழாகத் தடவுகிறார் வேலாயுதம். நூல் சிக்கும் இடத்தில் சொரசொரப்பு இருக்கிறது என்று அர்த்தம். "வெறுங்கை ஏமாத்தும், ஸ்டாக்கிங் ஏமாத்தாதுலா" என்பார்.

ஜாலான் புசாரில் அறையெடுத்துத் தனியே இருக்கும் மரவேலைக்காரர். புருவத்திலும் காது மடலிலும் எப்போதும் மரத்தூள். மேப்பிள் மரத்தை மட்டும் 'மகாராணி' என்பார். "மகாராணிக்கு ரோஷம் ஜாஸ்தி. ஓவரா தேய்ச்சா மூஞ்சிய இறுக்கிக்குவா. அப்புறம் எந்தக் கலரும் ஏறாது."

இப்போது அவர் தேய்ப்பது, ஆங் மோ கியோவில் மனைவி பாக்கியலட்சுமியின் சமையலறை மேப்பிள் அலமாரிகளை. ஊரார் வீடெல்லாம் பளபளக்கிறது, நம் வீட்டுக் கதவு மட்டும் பல்லிளிக்கிறதே என்று தொடங்கிய சண்டையில்தான் ஈராண்டுக்கு முன் அவர் வெளியேறினார். போன வாரம் அவளே போன் செய்தாள். "கேபினட் செய்யணும். வரீங்களா, வேற ஆள் பாக்கட்டா?" அந்தக் குரலுக்காக எப்படி ஏங்கிக் கிடந்தார்!

கையிலிருக்கும் காலுறையும் அவளுடையதுதான். ஃபேரர் பார்க்கில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலை. கிழிந்த காலுறைகளை அவருக்கென்று எடுத்துவைப்பது பழைய வழக்கம். வந்த முதல் நாளே ஒரு பை நிறைய நீட்டினாள். ஈராண்டுக் கிழிசல்கள்!

இன்று கடைசிக் கதவு. காலுறை எங்கும் சிக்கவில்லை. இனி சாயமும் வார்னிஷும்தான். அதன் பிறகு இந்த வாசலை மிதிக்க என்ன சாக்கு?

வேலை முடிந்து வந்த பாக்கியலட்சுமி கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"வெளி வேலைன்னா மத்தியானமே முடிச்சிருப்பீங்க."

அவள் கதவைத் தடவினாள். கண்ணாடிபோல் வழுக்கிச் சென்ற விரல்கள் நடுவில் நின்றன.

"இங்க சொரசொரங்குதே."

"எங்க?"

"இங்கதான்." அவள் அவரைப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள். "என்ன அவசரம்? சாப்ட்டுட்டு மெதுவா தேய்ங்க."

வேலாயுதம் அந்த இடத்தைக் காலுறைக் கையால் ஒருமுறை தடவினார். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை.

"ஆமாலா," என்றார். "இருக்கு."

உப்புத்தாளை எடுத்துத் திருப்பினார். அதன் வழவழப்பான பின்பக்கத்தைக் கதவில் வைத்து, மெல்லத் தேய்க்கத் தொடங்கினார்.