கூட்டாளியை விடக்கூடாது

எங்கள் பள்ளி அறிவியல் டீச்சரைப் பிள்ளைகள் 'ஜோடி டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் பாடமே நடத்த மாட்டார். ஆய்வகத்தில் பிள்ளைகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிடுவார். ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொள்ள, மற்றவள் கையைப் பிடித்துக் குழாய், மண் வாளி, வாசல் என்று தொட்டுக் காட்ட வேண்டும். ஒரே கூச்சல். பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் எனக்கு மண்டை வெடிக்கும். சுவரைத் தட்டினால், "வாங்க சார், உங்களுக்கும் ஒரு ஜோடி பாக்கறேன்" என்பார். வாய் அப்படி.

வராந்தாவுக்கு வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் சொல்லி முடிப்பார்கள்: "கூட்டாளிய விடக்கூடாது." வருஷம் முழுக்க ஜோடி மாறாது.

போன வருஷம் மின்கசிவால் ஆய்வகம் தீப்பிடித்தது. அந்தப் புகையிலும் பிள்ளைகள் கைகோத்து வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தியும் வந்தாள். அவள் கூட்டாளியான உயரமான பெண் மட்டும் கண்ணில் படவில்லை. தீப்பிடிக்கும் முன்பே யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அது தெரியாமல் சடைக்காரி மறுபடி உள்ளே ஓடினாள். திரும்பி வரவில்லை.

மற்றவர்கள் பிழைத்ததே அந்த ஆட்டத்தால்தான் என்றார்கள் விசாரிக்க வந்தவர்கள். உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் டீச்சருக்குத் தூக்கம் வந்துவிடுமா? பேயாவது பிசாசாவது என்று எகத்தாளம் பேசியவர், இப்போது ஆய்வகப் பூட்டைத் திறக்குமுன் கதவைத் தட்டுகிறார்.

"உள்ள யாரு இருக்கான்னு தட்டறீங்க?" என்று கேட்டேன்.

"அவ இன்னும் கூட்டாளியத் தேடிக்கிட்டிருக்கா சார். திடீர்னு தெறந்தா பயந்துருவா."



இந்த வருஷமும் அதே பிள்ளைகள். முதல் நாளே பழைய ஜோடிகள் தாமாகச் சேர்ந்துகொண்டார்கள். உயரமானவள் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே போகாவிட்டால் படிப்பையே விட்டுவிடுவாள் என்று அவள் அம்மா என்னிடம் அழுதிருந்தார். அதனால் என் வகுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நின்றேன்.

டீச்சர் கைக்குட்டையால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினார். "இந்த வருஷம் நீதான் எனக்கு ஜோடி. கூட்டிட்டுப் போம்மா."

அவள் அழுதுகொண்டே அந்தக் கையைப் பிடித்தாள். குழாய், மண் வாளி, வாசல். மற்ற ஜோடிகளும் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார்கள்.

"இனிமே சட்டம் வேற," என்றார் டீச்சர். "மொதல்ல வெளிய வந்துடணும். கூட்டாளியக் காணோம்னா என்கிட்ட சொல்லணும். திரும்ப உள்ள போகவே கூடாது."

எல்லோரும் அதைத் திரும்பச் சொன்னார்கள். உயரமானவள் சொல்லவில்லை. டீச்சரின் கண்கட்டை அவிழ்த்துவிட்டுக் கேட்டாள்: "அவளுக்கு இத யாரு சொல்றது டீச்சர்?"

டீச்சர் அந்தக் காலி அறைப் பக்கம் திரும்பினார்.

"நீ வெளிய வந்துடும்மா. உன் கூட்டாளி இங்கதான் இருக்கா."