திருநீறு விழுந்த போத்தல்

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. உள்ளே வெள்ளைத் தூள். திருநீறு என்று நினைத்துக் கை நீட்டுகிறவர்களைத் தடுத்துவிடுவேன். அதில் திருநீறு ஒரு சிட்டிகைதான். மற்றதெல்லாம் பழைய கடலின் சுண்ணாம்பு.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கல் ஆராய்கிற கூடத்தில் நான் நாட்கூலிக்கு இருந்தேன். மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கிப் போவேன். அங்கிருந்த மேடம் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். சண்டை ஓய்ந்து வடக்கே பாதை திறந்ததும் ஊரிலிருந்து சுண்ணாம்புக்கல் கொண்டுவந்தார், புத்தளத்துக் கரையிலிருந்தும் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே காலத்தில் கடலடியில் படிந்தவையா என்பதுதான் அவர் கேள்வி. கல்லைக் கரைத்து அரித்து, மணலளவே இருக்கும் கடல் உயிர்களின் கூடுகளை ஈரத் தூரிகையால் பொறுக்குவது என் வேலை. தேயிலை ஸ்டோரில் காம்பு பொறுக்கிய கை இது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எந்த அடுக்கில் எந்தக் கூடு வந்தது என்பதில் ஒருநாளும் பிசகியதில்லை. இரண்டு ஊர்க் கல்லிலும் அதே கூடுகள் அதே வரிசையில் வந்தன.

அதை உறுதிசெய்ய, கல்லைப் பொடித்து அதில் காபன் என்கிற கரிச்சத்தை அளக்க வெளிநாட்டுக்கு அனுப்பினார். காபனில் பாரம் கூடியது, குறைந்தது என்று வகை உண்டாம். பழைய கடலில் அந்தக் கலப்பு காலத்துக்குக் காலம் மாறியதாம், அந்த மாற்றம் அப்போது படிந்த கல்லில் தங்கியிருக்குமாம். ஒரே காலத்துக் கற்கள் என்றால், வரைந்து பார்க்கும்போது இரண்டு கோடுகளும் ஒன்றுபோல் வளைய வேண்டும்.

முடிவு வந்த அன்று, யாழ்ப்பாணக் கோடு நடுவில் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

"அக்கா, கூடுகள் கலந்துபோச்சோ? அப்பிடியெண்டால் ரெண்டும் வேற காலம் எண்டுதான் நான் எழுதவேணும்."

"என் கை பொறுக்குனது கலக்காது மேடம்."

"அப்ப கல்லுப் பொய் சொல்லுதோ?"

வேலை முடிந்து மலையேறினேன். பாதி வழியில் ஆயுதபூசை நினைவு வந்தது. அன்று அரவை இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்தேன். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் போத்தல்கள், யாழ்ப்பாணக் கல்லின் நடு அடுக்குத் தூள் காய்வதற்காக மூடாமல் இருந்தன. நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை திருநீறு தூவினேன். திருநீறு சாணம் எரித்த சாம்பல். மாடு தின்கிற புல்லில் பாரம் குறைந்த காபன்தான் கூடுதல், அது கலந்தால் கோடு இறங்கும் என்று மேடமே ஒருநாள் சொல்லியிருந்தார்.

வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும், ஆனால் என் கை பொய்யாகிவிடும். சொன்னால் நாளைக்கே வரவேண்டாம் என்பார்கள். இரவெல்லாம் யோசிக்கவில்லை. சோறு வடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டேன், கைதான் பெரிது என்று.

காலையில் நின்றபடியே சொன்னேன். மேடம் கோடு வரைந்த காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் போட்டீங்களோ?"

"அந்தத் தட்டுக்கு மட்டுந்தான். தொறந்து கெடந்துச்சு."

"திறந்து வச்சது நான்," என்றார். பிறகு நான் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ. அதே கல்லுகளைத் திரும்ப அரைப்பம்," என்றார்.

புதுத் தூள் போய் முடிவு வரச் சில மாதங்கள் ஆயின. அதுவரை நாட்கூலிக்காரிதானே, நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருந்துகொண்டேதான் இருந்தது. வந்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினார். பள்ளம் இல்லை. இரண்டு கோடும் ஒரே இடத்தில் வளைந்தன.

"உங்கட கூடுகள் சொன்னதுதான் சரி அக்கா. முதல்தரம் வெளிநாட்டில அவங்கள் உங்கட சாமியையும் சேர்த்தெல்லோ அளந்திருக்கிறாங்கள்."

கெட்டுப்போன தூளில் ஒரு போத்தலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேடம் ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டார். நானும் வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. இன்றைக்கும் ஆயுதபூசைக்கு அரிவாள்மனைக்கும் அம்மிக்கும் வைக்கிறபோது அந்தப் போத்தலுக்கும் திருநீறு வைக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்த பிறகுதான்.