பாறைமேட்டுத் தெருவின் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் திருச்சியில் பஸ் ஏறினேன். திண்டுக்கல் நூறு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். பூட்டையும் பிரியாணியையும் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். நான் போனது ஒரு குழாய்க்காக.

ஊர்களின் குடிநீர்க் குழாய்களைக் கணினியில் மாதிரியாகப் போட்டு, எந்தத் தெருவுக்கு எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் போகும் என்று கணக்கிடுவது என் தொழில். திண்டுக்கல்லின் ஒரு பகுதிக்கு நான் போட்ட மாதிரி, பாறைமேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏழு மீட்டர் உயரம் ஏறும் என்றது. தெருவிலோ காற்றுதான் வந்தது. குழாய் அடைத்திருக்கிறது, தோண்டிப் புதுக்குழாய் போடக் கட்டாது, தெருவைத் துண்டித்துவிட்டு லாரித் தண்ணீர் கொடுக்கலாம் என்று மாநகராட்சி அலுவலகத்தில் பேச்சு. திங்கட்கிழமை என் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். நாற்பத்திரண்டு வீடுகள். எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அறை, நாள் வாடகை தொள்ளாயிரம். புதன் காலை ஐந்தரைக்கு ஆட்டோ. இரண்டரை கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் கேட்டார். அந்த மேட்டில் ஆட்டோ முனகிய முனகலைக் கேட்டபிறகு நான் பேரம் பேசவில்லை. மேலே நின்றால் கிழக்கே சிறுமலை முழுதாகத் தெரியும். அந்தக் காலைக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

வால்வு திறக்கும் அந்தோணி டிவிஎஸ் வண்டியில் நீளமான சாவிக்கம்பியுடன் வந்தார். அங்கே நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர், காலை ஆறு முதல் எட்டு வரை. அவர் திறந்தார். தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் நான் மாட்டிய அழுத்தமானியின் முள் அசையவே இல்லை.

அந்த வீடு ஜெசிந்தாவுடையது. மாலையில் வாசலில் இட்லி சுட்டு விற்கிறவர். காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முள்ளப் பாத்துக்கிட்டே இருந்தா வராதுக்கா. எட்டு மணிக்கு அடைக்கும்போது செத்த நேரம் சொட்டும். மொற ஞாயித்துக்கிழமைல விழுந்தாத்தான் நல்லா வரும்."

"அடைத்த குழாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படித் திறக்கும்?" என்று கேட்டேன்.

"கீழத்தெருக்காரங்க அம்புட்டுப் பேரும் சர்ச்சுல ஆறு மணிப் பூசைக்குப் போயிருவாங்கள்ல. ஆளில்லாத வீட்டுல குழாயத் தெறந்து வச்சுட்டுப் போனா பக்கத்து வீட்ல ஏசுவாங்க. மூடிட்டுத்தான் போவாங்க. அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு. நான் பூசைய விட்டுட்டுத் தண்ணி பிடிக்கிறேன். எங்க நாத்தனா கீழத்தெருதான். இவளுக்குச் சாமிய விடக் குடம்தான் பெருசுன்னு பேசுது."

அந்தோணி தலையாட்டினார். "எனக்குத் தெரியும் மேடம். யாரும் கேக்கல."

நானும் கேட்கவில்லை. என் மாதிரியில் மக்கள் நாள் முழுக்க நிதானமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் காத்திருந்த வீடு எங்கே நிதானமாகப் பிடிக்கும்? வெட்கமாக இருந்தது. முக்கு டீக்கடையில் (டீ பன்னிரண்டு ரூபாய், சூடு அபாரம்) லேப்டாப்பைத் திறந்து, எல்லா வீடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே முழுக்கத் திறப்பதாக மாற்றினேன். மேட்டில் அழுத்தம் பூஜ்யம். கீழத்தெருவை மட்டும் மூடிப் பார்த்தேன். ஆறு மீட்டர். குழாயில் அடைப்பே இல்லை.

பிறகு, முதல் நாற்பது நிமிடம் கீழத்தெரு வால்வை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று ஓட்டினேன். மேடு நிறைந்தது, கீழேயும் குறையவில்லை. அந்தோணியிடம் காட்டினேன்.

"கீழத்தெருவுல சண்டைக்கு வருவாங்க மேடம்."

"அவர்கள் பூசை முடிந்து வரும்போது தண்ணீர் இருக்குமே. ஞாயிறு பார்த்துவிட்டுப் பேசுங்கள்."

"அப்ப மேட்டுக்காரங்களும் பிடிச்சு முடிச்சுப் பூசைக்குப் போகணும்னா அஞ்சேகாலுக்கே தெறக்கணும்." பெருமூச்சு விட்டார். "சரி, வாரேன்."

அடுத்த முறை ஞாயிறு. அலுவலகத்தில் ஒரு நாள் சோதனைக்கு ஒப்புதல் வாங்கினேன். ஐந்தேகாலுக்கு, கீழத்தெரு வால்வை மூடியே வைத்து, அந்தோணி மேட்டுக்குத் திறந்தார். ஐந்து இருபத்தைந்துக்கு முள் சட்டென்று எழுந்து, ஐந்தரை மீட்டரில் நின்றது. நான் கைதட்டிவிட்டேன். ஜெசிந்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குடம் மாற்றிக்கொண்டிருந்தார். ஐந்து ஐம்பதுக்குக் குழாயை மூடி, புடவை மாற்றி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார்.

"மொதப் பெஞ்சுல போய் உக்காரப் போறேங்க்கா. நாத்தனா பாக்கட்டும்."

ஐந்து ஐம்பத்தைந்துக்கு அந்தோணி கீழத்தெரு வால்வைத் திறந்துவிட்டார். ஏழு மணிக்குக் கீழத்தெருக்காரர்கள் திரும்பிவந்து குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. சண்டை வரவில்லை. திங்கட்கிழமை, துண்டிக்கும் பேச்சைக் கைவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு: அறையில் வாளியை முந்தின நாளே நிரப்பிக்கொள்ளுங்கள். மேட்டுக்குச் சூரியன் வருமுன் போங்கள், திரும்பும்போது நடந்தே இறங்கலாம், முப்பது நிமிடம். என் தொழில்காரர்கள் என்றால், கணினியைத் திறக்குமுன் அந்த ஊரில் பூசை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நீங்களும் ஒரு ஞாயிறு ஆறு மணிப் பூசைக்குப் போனால் முதல் பெஞ்சில் ஓர் இடம் குறைவாக இருக்கும், அது ஜெசிந்தாவுடையது.