இரண்டு சி, இரண்டு எம்

எழுபதுகளின் கடைசியில், ஜமுனாமரத்தூருக்கும் மேலே ஒரு மலைக்கிராமத்தில் நான் ஓராசிரியர் பள்ளி வாத்தியார். தங்க வீடு கிடைக்கவில்லை. வகுப்பறை மூலையிலேயே பாயும் ஸ்டவ்வுமாகக் குடியிருந்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஸ்டவ்வைப் பார்த்துவிட்டார். "ஒரு மாசத்துல வேற இடம் பாருங்க. இல்லன்னா டிரான்ஸ்பர்தான்" என்றார். அப்போதுதான் பிள்ளைகள் ஒழுங்காக வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களை விட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

அகாமடேஷன் வேண்டும் என்று அவர் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கு அப்படி ஒரு கர்வம். பத்தே நாளில் மனு திரும்பி வந்தது. அந்த வார்த்தையைச் சிவப்பு மையால் சுழித்து, 'எம் இரண்டு' என்று எழுதியிருந்தார்கள். திருத்தி எழுதும் அவசரத்தில் ஒரு சி-யை விட்டுத் தொலைத்தேன். மறுபடியும் சுழி. மூன்றாவது மனுவுக்கு முன்னால் கரும்பலகையில் எழுதி எழுதிப் பார்த்தேன்.

வாசலுக்கு எதிரே சாமை புடைத்துக்கொண்டிருந்த ஊர்க்கார அம்மா, "இன்னா சார், அதையே எழுதினு இருக்கீங்க?" என்றார்.

"தங்குறதுக்கு எடம்னு அர்த்தம்மா."

"வூடுதானே. அதுக்கு எதுக்கு சார் இவ்ளோ எழுத்து?"

ஜமுனாமரத்தூர் போய் மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பினால், பள்ளிக்குப் பக்கத்தில் எனக்கு வீடு கட்ட ஊர்க்காரர்கள் மூங்கில் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் யார் வீடு கட்டினாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கூரைக்கு ஒரு கட்டுப் புல் வந்து சேரும். நாலு நாளில் கூரை எழுந்துவிட்டது. கடைசிக் கட்டுப் புல்லைக் குடிவருகிறவர்தான் வேய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஏறினேன். கீழே நின்று ஊரே யோசனை சொன்னது. வாத்தியாருக்கா தெரியாது? யார் பேச்சையும் கேளாமல் புல்லைத் தலைகீழாக வேய்ந்துவிட்டு இறங்கினேன்.

முதல் மழையில் கூரை எங்கும் ஒழுகவில்லை, நான் வேய்ந்த இடத்தைத் தவிர. அந்த அம்மா வந்து அண்ணாந்து பார்த்தார். "இது சார் போட்டதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் மனுவுக்குப் பதில் வந்தது. அதில் அந்த வார்த்தைக்கு இரண்டு சி, இரண்டு எம், ஒரு பிழை இல்லை. அந்தக் கிராமத்தில் அகாமடேஷன் எதுவும் கிடையாது, மாற்றலுக்கு விண்ணப்பிக்கவும் என்றிருந்தது. என் வீட்டில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு நாலாக மடித்து, ஒழுகுகிற இடத்தில் செருகினேன்.