பின்னறைத் தவளை

முதல் தவளையை ஊறுகாய் பாட்டிலில் வைத்திருந்தேன். தேஹு ரோடில் மழை தொடங்கியிருந்த சமயம். குவார்ட்டர்ஸ் பையன்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், கண்ணாடியைத் தட்டினார்கள், வெளியே எடுத்து ஆளுக்கு ஆள் கைமாற்றினார்கள். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியட்டும் என்று பாட்டிலை ஜன்னல் விளிம்பில், வெளிச்சத்தில் வைத்தேன். அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த புல்லை நோக்கி மூக்கால் முட்டிக்கொண்டே இருந்தது. மூக்கு நுனி வெள்ளையாக உரிந்துபோயிற்று. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அப்பா டிப்போவுக்கு வேலைக்குப் போகும் வழியில் அதைப் பாட்டிலோடு கச்சராத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பாட்டில் போன வருத்தம்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். படிப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, ஒன்பதாவதோடு அது முடிந்தும் போனது. பிறகு சூரத்தில் தறிக்கூடம், லாரியில் கிளீனர், கோவாவில் ஓட்டல் அடுப்படி என்று சுற்றினேன். எங்கேயும் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு தவளை நன்றாக இருக்கிறதா, உள்ளுக்குள் தவிக்கிறதா என்று இன்றைக்கும் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதைக் கற்றுக்கொண்டது இரண்டாவது தவளையிடம்.

அதை, மழைத் தண்ணீர் ஓடுகிற நாலா ஓரத்தில் பிடித்தேன். இரண்டு கையும் சேர்த்தால்தான் அடங்கும். முதுகில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு. இந்தத் தடவை கண்ணாடி வேண்டாம் என்று விளிம்பு உடைந்த பால்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். பக்கெட்டை எங்கள் வீட்டில் பால்டி என்றுதான் சொல்வோம். முதலில் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். சீரியல் பாட்டு ஆரம்பித்தால் அது காற்றடைத்த மாதிரி உப்பிக்கொள்ளும். பழுப்பாக இருந்த தோல் கறுத்துப்போகும். வெட்டுக்கிளி போட்டால் அது தலைமேல் ஏறி நடந்தாலும் கண்டுகொள்ளாது. கையில் எடுத்தால் மூத்திரம் பெய்துவிடும். அதைத் திமிர் என்று நினைத்தேன். பயம் என்று புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அடுப்படியில் வைக்க அம்மா விடவில்லை. அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது, அத்தை படுக்கிற அறை. அப்பாவின் தங்கை. ஊரில் பெரியவர்கள் இல்லாமல் போனதும் எங்களோடு வந்துவிட்டாள். ஆகுர்டியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தரும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. காலை லோக்கல் ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். பால்டி என் அறையில் இருக்கட்டும் என்று அவளேதான் சொன்னாள்.

அந்த அறையில் தவளை மாறியது. நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து உள்ளே வைத்தேன், அது போய் ஒளிந்துகொள்ள. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும் என்பதால் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். பையன்களை உள்ளே விடவில்லை. நானும் பொழுது சாயும்போது தீனி போட்டுவிட்டு வந்துவிடுவேன், உட்கார்ந்து பார்க்கமாட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நாளில் தோல் வெளுத்தது, தொண்டை நிதானமாக ஏறி இறங்கியது. ஒருநாள் தொட்டிக்குள்ளிருந்து நாக்கை நீட்டி வெட்டுக்கிளியை எடுத்துக்கொண்டது.

ஒருமுறை அத்தை, துணி துவைத்த கையோடு அதைத் தூக்கப் போனாள். நான் தடுத்துவிட்டேன். சோப்புக் கை அதன் தோலுக்கு எரியும். வெறும் காய்ந்த கையும் கூடாது, சூடு தாங்காது. நல்ல தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, கீழிருந்து தாங்கி எடுக்க வேண்டும். அத்தை ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

“உங்க ஐயாவுக்கு உடம்பு பூராவும் கூச்சமோ?” என்றாள்.

தவளையை அவள் ஐயா என்றுதான் சொல்வாள்.

அந்த ஆனி மாதம் அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் நெருக்கி நெருக்கி வந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் பேச முடியாது என்று அப்பாவுக்கு அவசரம். அவர்கள் வருகிற அன்று அத்தை காலையிலிருந்து சாப்பிடமாட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். முகம் கறுத்துக் கிடக்கும். பெண்ணென்றால் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா பக்கத்து வீட்டு மராட்டிக்காரியிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும். பஜ்ஜி போடுவார்கள்.

கடைசியாக வந்த இடம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மாப்பிள்ளை சாகண் பக்கம் ஒரு பாக்டரியில் சூப்பர்வைசர். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியனுப்பியிருந்தார்கள். நல்ல குடும்பம், அதனால்தான் வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்றார் அப்பா. இந்தத் தடவை பேசி முடித்துவிடுவது, தட்டு மாற்றத் தேதியும் குறித்துவிடுவது என்று அவரும் அம்மாவும் அடுப்படியில் பேசிக்கொண்டார்கள். அத்தையிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. என்னிடம் மட்டும் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

“அது கத்துச்சு, வெளிய வந்துச்சுன்னா அன்னைக்கே நாலாவுல கொட்டிருவேன். உனக்கும் இருக்கு.”

ஆகவே அந்த வாரம் முழுதும் எனக்கு ஒரே வேலை, தவளையைக் கலவரப்படுத்தாமல் வைத்திருப்பது. இடம் மாற்றினால் மிரளும் என்று பால்டியை அசைக்கவில்லை. மேலே அம்மாவின் பழைய சல்லடையைக் கவிழ்த்து, ஈரச் சாக்கால் பாதியை மூடி இருட்டாக்கினேன். சல்லடை நகராமல் இருக்க அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். முதல் நாளே வயிறு நிறையத் தீனி போட்டேன்.

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தவளையைப் பற்றி அன்று நிறையக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல இன்னும் கேட்டாள். வீட்டில் வேறு யாரும் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

“பயந்தா எவ்ளோ தூரம்டா குதிக்கும்?”

இங்கிருந்து கதவு வரைக்கும் என்று காட்டினேன்.

“எந்தப் பக்கம் போகும்?”

“வெளிச்சம் இருக்கிற பக்கம்” என்றேன். முதல் தவளையை வைத்துச் சொன்னேன்.

மறுநாள் மாலை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, மாமா ஒருவர். மாப்பிள்ளையின் அம்மா பிஸ்கட் நிறப் பட்டுப்புடவையில் வந்து டியூப்லைட்டுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே எங்கள் வீட்டை மூலைமுடுக்கு வரை பார்த்து முடித்தார். எனக்குச் சட்டை மாட்டி, தலைசீவி, ஹாலில் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். என் காது முழுக்கப் பின்னறையில் இருந்தது. சத்தமே இல்லை. தவளை நிம்மதியாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி.

கேசரி ஆனது, பஜ்ஜி ஆனது. காபி கொண்டுவரச் சொல்லி அம்மா அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். இதோ என்று அத்தை பதில் சொன்னாள். ஆனால் வரச் சற்று நேரமாயிற்று. பிறகு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தட்டோடு வந்தாள். வழக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு வருகிறவள், அன்று நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் நின்றாள். அம்மா அவள் காதில் எதையோ சொல்லிக் கடிந்துகொண்டாள்.

அப்போது திரைச்சீலையின் அடிப்பக்கம் அசைந்தது. முதலில் நான்தான் பார்த்தேன். ஐயா உட்கார்ந்திருந்தார். கறுக்கவில்லை, உப்பவில்லை. நான் எழுந்த வேகத்தில் என் நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. ஒரே தாவல், ஹாலின் நடுவுக்கு. இன்னொன்று, மாப்பிள்ளையின் அம்மாவின் மடிக்கு. அங்கே போய்த்தான் பயந்தது. பயந்தால் என்ன செய்யும் என்று முன்பே சொன்னேன். பிஸ்கட் நிறப் பட்டு.

மாப்பிள்ளை காபி டம்ளரோடு நாற்காலிமேல் ஏறி நின்றார். சூப்பர்வைசர் ஏறி நின்றதைப் பார்த்து அவருடைய மாமாவும் காலைத் தூக்கிக்கொண்டார். நான் கேசரித் தட்டைத் தாண்டிப் போய்த் தவளையைப் பிடிக்கும்போது, அந்த அம்மாள் மடியை விரித்துப் பிடித்தபடியே எழுந்தார்.

“நல்ல காரியம் பேச வந்த இடத்துல இது என்னங்க சகுனம்?” என்று அப்பாவைக் கேட்டார். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். சாகண் அங்கிருந்து ஒரு மணி நேரம்தான். தகவல் வரவேயில்லை.

விசாரணை உடனே நடந்தது. பெட்டியைச் சல்லடைமேல் வைத்தேன் என்று நான் சத்தியம் செய்தேன். அப்பா என்னைக் காதைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப்போய்க் காட்டினார். இஸ்திரிப் பெட்டி அதன் அலமாரியில், ஒயர் சுற்றி, ஒழுங்காக இருந்தது. சல்லடை பக்கத்தில் கிடந்தது. வைக்கவே மறந்திருக்கிறேன், அதன்மேல் பொய் வேறு. இரண்டுக்கும் சேர்த்து அடி விழுந்தது. அத்தைதான் குறுக்கே வந்து விலக்கினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுபோன வருத்தம் என்று அம்மா நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பங்கு பஜ்ஜியோடு தன் பங்கையும் என் தட்டில் வைத்தாள்.

அப்பா சொன்னபடி பால்டியை நாலாவில் கவிழ்த்தார். நல்ல மழை. அங்கே கத்திக்கொண்டிருந்த தவளைகளில் எது என்னுடையது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை அத்தை காலை லோக்கலைப் பிடிக்கப் போனாள். சில வருடங்கள் கழித்து, அவளோடு வேலை பார்த்த ஒருவரை அவளே முடிவு செய்து கட்டிக்கொண்டாள். இப்போதும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். பெட்டி வைக்க மறந்த பையன் என்று என்னை வீட்டில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். கேட்டுக் கேட்டு, மறந்துதான் போயிருப்பேன் என்று நானும் நம்பிவிட்டேன்.

கோவாவில் ஓட்டல் அடுப்படியில் இருந்தபோது, ஒரு மழைநாளில் தவளை ஒன்று அரிசி மூட்டைப் பக்கம் வந்துவிட்டது. மற்றவர்கள் துடைப்பத்தைத் தேடினார்கள். நான் பழக்கத்தில் கையை நனைத்துக்கொண்டு அதைக் கீழிருந்து தாங்கி எடுத்து, வெளியே விட்டுவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்தேன். குனிந்து பார்த்தால் இரண்டு தொடையிலும் இரண்டு ஈர உள்ளங்கை.

அன்று ஹாலில், அத்தையின் புடவை மடிப்பிலும் அப்படி இரண்டு இருந்தன. காபித் தட்டை வைத்துவிட்டு அவள் வந்து நின்றபோது, இப்படியா கையைப் புடவையில் துடைப்பாய் என்றுதான் அம்மா அவளைக் கடிந்துகொண்டாள். நான் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளர் கழுவியிருப்பாள் என்று நினைத்தேன்.