கன்னடம் தெரியாதவள்

இருபது வருடமாகிறது. என் வயிற்றிலிருந்து எடுத்த நீரின் ரிசல்ட் வந்த அன்று, ஓசூர் டாக்டரும் என் கணவரும் என் முன்னாலேயே கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். தமிழ் மட்டுமே பேசும் ஊத்தங்கரையிலிருந்து வந்தவளுக்கு என்ன புரியும் என்ற தைரியம். கம்பெனியில் பக்கத்தில் உட்காரும் பெண்களிடம் நான் கன்னடம் பழகியிருந்தது இவருக்குத் தெரியாது.

நீரில் புற்றுநோயைக் காட்டும் மார்க்கர் ஏறியிருக்கிறது, சினைப்பையில் இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் டெஸ்ட் வரவேண்டும் என்றார் டாக்டர். அவளுக்குத் தெரியவேண்டாம் என்றார் இவர்.

"என்னங்க சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. சும்மா நீர் கோத்திருக்காம்."

பூவே வாங்காத மனுஷன் அன்றிலிருந்து தினமும் ரோஜா வாங்கி வந்தார். கேட்டால் உடைந்துவிடுவார். அந்த ஒற்றை அறை வீட்டில், ஒன்றும் தெரியாதவள்போல் சிரித்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த வாரம் டாக்டர் மறுபடியும் கன்னடத்தில் சொன்னார். புற்றுநோய் இல்லையாம், வயிற்றில் காசநோயாம். அதிலும் அந்த மார்க்கர் ஏறுமாம். மாத்திரையில் குணமாகிவிடுமாம்.

எனக்குச் சொல்ல இவர் சந்தோஷமாகத் திரும்பினார். அதற்குள் நான் தேம்பிக்கொண்டிருந்தேன்.

"அப்போ... அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

தலையசைத்தேன். டாக்டர் முன்னாலேயே இவரும் அழுதுவிட்டார்.

ஒரே அறைக்குள் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறோம். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கெட்ட சேதி எதுவானாலும் தமிழில்தான்.