மூன்று பாட்டில் டானிக்

சோம்பேறி என்று சொன்னார்கள், பொறுத்துக்கொண்டேன். பேய் பிடித்திருக்கிறது என்று விபூதி போட்டார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். அந்த டானிக்கை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த சமயம். மலாக்காவில், காஜா பேராங்கில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாங்கள் இருவர், இரண்டு வயது மகள் என்று ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு என்னவோ ஆகிவிட்டிருந்தது. மலாக்கா வெயிலில் எல்லாரும் விசிறிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் குளிரும். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. அரிசி களைந்துகொண்டே தூங்கி விழுவேன். காரணமே இல்லாமல் அழுகை வரும், குரல்கூடக் கட்டைக்குரலாக மாறிவிட்டது.

என் கணவர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, இங்கிலீஷ் படித்தவர். தெங்கேராவிலிருந்த ஒரு மருந்துக்கடையிலிருந்து மூன்று பாட்டில் டானிக் வாங்கி வந்து, லேபிளை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

"அமினோ ஆசிட்னு போட்டிருக்கு. புரதத்தோட சாரம். நரம்பு, மனசு, கழுத்துச் சுரப்பி, எல்லாத்துக்கும் நல்லதாம். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு கரண்டி குடிக்கணும்."

மாமியார் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிப்பா. மூணு பாட்டிலும் முடியட்டும். அப்பவும் இவ இப்படியே மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா, புக்கிட் ரம்பாய்ல அவ அம்மா வீட்டுல கொண்டு போய் விட்டுடு. புள்ள இங்கயே இருக்கட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுப் பாட்டில்களை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் பாட்டிலைத் திறந்தேன். எங்கள் வீட்டில் எதுவானாலும் பெரியவர்களுக்கு முதலில், மருமகளுக்குக் கடைசியில். சோற்றுக்கு இருந்த சட்டம் மருந்துக்கும் வந்துவிட்டது. மாமனார் கையை நீட்டினார். "சத்து மருந்துதானேம்மா, எனக்கும் முட்டி வலி" என்றார். மாமியார் இரண்டு கரண்டி குடித்தார். கொழுந்தனுக்கு அது இனிப்பாக இருந்தது பிடித்துப்போய், பாட்டிலைக் கவிழ்த்து அண்ணாந்து குடித்தான். அப்புறம் மாமியார் மூடியை இறுக்கி மேல்தட்டில் வைத்துவிட்டார்.

"நீ நாளைக்குக் குடிச்சுக்கலாம்."

அந்த நாளை வரவே இல்லை. தினமும் இதே கூத்து. என் கணவரோ சாயங்காலம் வந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "பரவால்லையே, நல்லாத்தான் குறையுது" என்று திருப்திப்படுவார். அது குறையக் குறைய நான் என் பிள்ளையை விட்டுப் போகும் நாள் நெருங்குகிறது என்று அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. மருந்தைக் குடித்துவிட்டார்கள் என்று மாமியார்மேல் கோள் சொல்வதா? சொன்னால் ஊரே சிரிக்காதா? வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் முட்டாள்தனம், வேறென்ன!

மூன்றாவது பாட்டில் பாதிக்கு வந்தபோது பயம் தாங்கவில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொல்லி மறுபடி தடவினார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, அந்த நர்சம்மா, எனக்குத் தமிழில் சொன்னார்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யலம்மா. அதான் இந்தத் தூக்கம், அழுகை எல்லாம். உங்க மேல தப்பில்ல."

தப்பில்லை என்றதும் அங்கேயே தேம்பித் தேம்பி அழுதேன். டானிக்கைப் பற்றிக் கேட்டேன். "அத எத்தன பாட்டில் குடிச்சாலும் இது சரியாகாது. இந்த மாத்திரைய தினம் காலைல வெறும் வயித்துல போடுங்க. விட்டுடாதீங்க" என்றார்.

மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, தினமும் யாரும் எழும்பும் முன்பே விழுங்கினேன். ஆனால் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை டானிக் தீர்ந்துபோயிற்று. காலையில் எல்லாரும் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார்கள். மாமியார் காலி பாட்டிலை என் கணவர் முன்னால் வைத்தார்.

"மூணும் முடிஞ்சுது. இவ மாறின பாடில்ல. என்னைக்குக் கொண்டு போய் விடப்போற?"

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"முடிச்சது நீங்க மூணு பேரும் அத்த. என் வாயில ஒரு சொட்டு படல. ஆஸ்பத்திரியில எனக்கு வேற மாத்திரை குடுத்திருக்காங்க. நான் எங்கயும் போக மாட்டேன். புள்ளையையும் விட மாட்டேன்."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். என் கணவர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

"ஒரு சொட்டுகூடவா குடிக்கல?"

அவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான நாலு வருஷத்தில், அவர் கை கழுவி எழுந்த பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன்.